கிடங்குக் கணக்கும் கணிப்பொறியும்

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் சற்றே இறங்கிப் பார்த்துச் செல்வது நலம். அங்கே டச்சுக்காரர்கள் செங்கல்லால் எழுப்பிய கோட்டை ஒன்று பாதி இடிந்தும் பாதி நிமிர்ந்தும் நிற்கிறது. கோட்டை என்றவுடன் பீரங்கியும் போர்வீரரும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், உள்ளே நுழைந்தவர் கண்ணுக்கு முதலில் படுவது பெரிய பண்டகக் கிடங்குகளே. இப்பக்கத்து நெசவாளர் நெய்த மெல்லிய மஸ்லின் துணிகளை வாங்கிச் சேர்த்து, மரக்கலம் வரும்வரை ஈரமும் கறையானும் அண்டாமல் காத்து வைப்பது அக்கோட்டையின் முக்கியமான வேலையாக இருந்தது. 1781-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினர். பின்னர் மீண்டும் டச்சுக்காரரிடம் சென்று, 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாக நிரந்தரமாகவே ஆங்கிலேயர் வசமாயிற்று. வியாபாரம் போயிற்று; கிடங்கின் சுவர்கள் மட்டும் மிஞ்சின.

ஆங்கிலேயர் வழங்கிய 'கோடௌன்' என்ற சொல்லும் இக்கரையிலிருந்து சென்றதே என்பர் சொல்லாராய்ச்சியாளருள் சிலர். நமது 'கிடங்கு' மலாய் நாட்டுக்குக் கப்பலேறி, போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலமாகி நம்மிடமே திரும்பி வந்ததாம். 'கிட' என்பது அதன் பகுதி. பெயர் பொருத்தமானதுதான், நம் சங்கங்கள் பலவற்றில் சரக்கு இன்றும் கிடக்கவே செய்கிறது. கிடக்கும் சரக்கை எவ்வாறு நகரச் செய்வது, அதற்குக் கணிப்பொறியும் மென்பொருளும் எந்த அளவுக்குத் துணை செய்யும், எந்த இடத்தில் துணை செய்யா என்பதை நம் அங்கத்தினர்களோடு கலந்து பேசவே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, புரட்டாசி மாதத்தில், நெசவாளர் சங்கம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பெயர் வேண்டாம். தீபாவளிச் சரக்கு தறியில் ஓடவேண்டிய சமயம் அது. அலுவலகத் திண்ணையில் நான்கு நெசவாளர்கள் 40-ஆம் நம்பர் பாவு நூலுக்காக அமர்ந்திருந்தனர். ஸ்டாக் புத்தகத்தைப் புரட்டினால் நூல் இருப்பில் இருந்தது. கிடங்கில் தேடினால் அகப்படவில்லை. சரக்குக் காப்பாளர் மகள் திருமணத்துக்காக விடுப்பில் இருந்தார். எந்தக் கட்டு எங்கே என்பது அவர் ஒருவருக்கே தெரியும். எட்டு நாள் கழித்து, வேறொரு காரியத்துக்காக லுங்கிக் கட்டுகளை அகற்றியபோது அந்நூல் பின்சுவரோரம் சாக்கு மூடிய நிலையில் வெளிப்பட்டது. யாரும் திருடவில்லை, யாரும் பொய்க் கணக்கு எழுதவுமில்லை. எனினும் நான்கு தறிகள் எட்டு நாள் நின்றன. நெய்த முழத்துக்குக் கூலி பெறுகிறவனுக்கு நின்ற தறியின் கூலியை எவர் தருவார்? அவர்களுள் வயதில் மூத்தவர் காரியதரிசியிடம், "நூல் இருக்குதுன்னு புஸ்தகம் சொல்லுது, ஐயா, தறியிலே புஸ்தகத்தையா ஏத்துறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. காரியதரிசியிடம் பதில் இல்லை. உடன் இருந்த நம்மிடமும் இல்லை.

அன்று முதல் நாம் எண்ணிப் பார்த்த விஷயம் இது: 'இருக்கிறது' என்பது வேறு, 'இன்ன இடத்தில் இருக்கிறது' என்பது வேறு. நம் பதிவேடுகள் முன்னதை மட்டுமே சொல்லப் பழகியவை. நூலுக்கும் துணிக்கும் வரவு உண்டு, செலவு உண்டு, மீதி உண்டு. விலாசம் மட்டும் கிடையாது.

விலாசம் கொடுப்பது செலவில்லாத காரியம். ஒரு டப்பா வெள்ளைச் சாயமும் ஒரு பகல் உழைப்பும் போதும். கிடங்கின் தரையில் கோடு கிழித்து வரிசைகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் அட்டிகளுக்கு எண். அலமாரியாயின் தட்டுக்கும் ஓர் எண். 'ஆ-3-2' என்றால் ஆ வரிசை, மூன்றாம் அலமாரி, இரண்டாம் தட்டு. சுவருக்கும் சரக்குக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் வழி விடவேண்டும். அந்த வழியில் எக்காரணத்தைக் கொண்டும் சரக்கு வைக்கலாகாது. ஒவ்வொரு அட்டியிலும் ஓர் அட்டை தொங்கவேண்டும். எடுத்தவர் எடுத்த நிமிஷத்தில் அதில் எழுதவேண்டும். 'மாலையில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்' என்ற ஒரு வாக்கியம்தான் நம் கிடங்குகளில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாய். காலையில் பத்து மணிக்குக் கொடுத்த கட்டு ஒன்று, மாலை ஆறு மணிக்கு எழுத்தர் நினைவில் அரைக் கட்டாகிவிடும். அல்லது 60-ஆம் நம்பர் 40-ஆம் நம்பராகிவிடும். மறதிக்கு நேர்மையானவர், நேர்மையற்றவர் என்ற பாகுபாடு தெரியாது.

பெயர் விஷயமும் உண்டு. ஒரே துணியை நெசவாளர் ஒரு பெயராலும், எழுத்தர் ஒரு பெயராலும், விற்பனை நிலையத்தார் வேறொரு பெயராலும் குறிப்பது நாம் எங்கும் காண்பது. கட்டம் போட்ட அதே போர்வை மூன்று ஏடுகளில் மூன்று சரக்காக வாழும். ஓர் ஏட்டில் தீர்ந்து போனதென்று புதிதாக நெய்யச் சொல்வர். மற்றோர் ஏட்டில் அதுவே இரண்டு வருஷமாகத் தேங்கி நிற்கும். ஓர் இனத்துக்கு ஒரே பெயர், ஒரே எண் என்று முதலில் உட்கார்ந்து பட்டியல் எழுதியாக வேண்டும். இது சலிப்பூட்டும் வேலை. ஆயினும் இதைச் செய்யாமல் கணிப்பொறி வாங்கிய சங்கம், மூன்று ஏட்டுக் குழப்பத்தையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துப் பூட்டியதே ஆகும்.

இவ்விஷயத்தில் விவசாயிகளாகிய அங்கத்தினர்களுக்கு உள்ள அக்கறை நெசவாளருடையதிலும் குறைந்ததன்று. செங்கற்பட்டு, மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் வட்டாரங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் வந்துகொண்டே இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அது 40 கிலோ மூட்டையாகக் கட்டப்படுகிறது. ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழு வரை இருக்கலாம் என்பது பொதுவான வரம்பு. இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பதினேழு சதவீத ஈரத்தோடு வாங்கிய 40 கிலோ நெல்லில் தண்ணீர் நீங்கலாக உள்ள சாரம் 33.2 கிலோ. அந்நெல் கிடங்கில் உலர்ந்து ஈரம் பதினான்காக இறங்கினால், அதே சாரம் கொண்ட மூட்டையின் எடை 38.6 கிலோவாகிவிடும். மூட்டைக்கு 1.4 கிலோ காற்றோடு போயிற்று. ஆயிரம் மூட்டை உள்ள அட்டியில் இது ஏறக்குறைய 1,400 கிலோ. அதாவது 35 மூட்டை நெல்!

ஈரப்பதத்தைப் பதியாமல் எடையை மட்டும் பதிகிற கணக்கில், இந்த 35 மூட்டைக்கும் பொறுப்பாளி யார்? பட்டியல் எழுத்தரும் காவலரும்தாம். பருவ காலத்துக்கு மட்டும் வேலைக்கு வந்த ஏழைகள் மீது இழப்புத் தொகை விழும். மறுபுறம், உலர்வு என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு உண்மையாகவே மூட்டை கடத்துகிறவனும் இதே ஏட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். வரும்போது ஈரம் எவ்வளவு, போகும்போது எவ்வளவு, இடையில் எத்தனை நாள் என்ற மூன்றும் ஏட்டில் இருந்தால், நியாயமான உலர்வு இவ்வளவு, அதற்கு மேற்பட்டது இவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். குற்றமற்றவர் தலை நிமிர்ந்து நடப்பதற்கும், குற்றவாளி அகப்படுவதற்கும் ஒரே கணக்கு உதவுகிறது. கூட்டிக் கழித்துப் பார்க்க மனிதனாலும் முடியும். ஆனால் ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்கு அட்டி வாரியாக நாள்தோறும் செய்வதற்குக் கணிப்பொறியே தகுந்தது. அது சலிப்படைவதில்லை.

நூலுக்கும் இத்தகைய ஒரு குணம் உண்டு என்பதை நெசவாளர் அறிவர். பஞ்சு நூல் எண்பத்தைந்தில் ஒரு பங்கு என்பதுபோல் சிறிதாக அன்று, நூற்றுக்கு எட்டரை பங்கு வரை ஈரத்தை இயல்பாகவே ஏந்தி நிற்கும் என்று வணிகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பட்டுக்கு அது பதினொன்று. ஐப்பசி அடைமழையில் கடற்கரைக் கிடங்கில் நிறுத்த நூலும், சித்திரை வெயிலில் நிறுத்த நூலும் ஒரே எடை காட்டா. ஆகவே எடையோடு எண்ணிக்கையும் வேண்டும். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டமோ அதுவே நூலின் நம்பர். பத்து ராத்தல் கட்டில் 40-ஆம் நம்பர் நூல் கணக்குப்படி 400 சிட்டம் இருக்கவேண்டும். நிறை ஒன்று சொல்லி எண்ணிக்கை வேறொன்று சொன்னால், பருவத்தின் குறையா, ஆலையின் குறையா, கைக்குறையா என்று விசாரிக்க இடம் உண்டு.

பெரிய இடத்து அனுபவம்

இந்திய உணவுக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1965-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளில், அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் தொடங்கிற்று. நாடெங்கும் கோதுமையும் அரிசியும் வாங்கி, காத்து, அனுப்புகிற அந்த ஸ்தாபனத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கிடங்குக் கணக்கு கையெழுத்து ஏடுகளிலேயே நடந்தது. 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 'டெப்போ ஆன்லைன்' என்ற மென்பொருள் முறையை அங்கே தொடங்கினார்கள். எல்லாக் கிடங்கிலும் ஒரே நாளில் புகுத்தவில்லை. முதலில் 31 கிடங்குகளில் மட்டுமே சோதனையாக வைத்தார்கள். இதை நம் சங்கங்கள் கவனிக்கவேண்டும். லாரி வாயிலில் நுழைவதும், எடை மேடையில் ஏறுவதும், மூட்டை இன்ன அட்டிக்குச் சென்றதும், பின்னர் வெளியேறியதும் நடக்க நடக்கப் பதியவேண்டும் என்பதே அம்முறையின் சாரம். முன்னே வந்த தானியம் முன்னே போகவேண்டும் என்ற பழைய விதியைக் காகிதத்தில் எழுதி வைப்பது எளிது. எந்த அட்டி எப்போது வந்தது என்று அட்டிவாரியாகத் தெரிந்தாலன்றி அதை நடத்துவது அரிது. தெரியாத இடத்தில் கதவருகே உள்ள மூட்டையே முதலில் போகும். உள்ளே உள்ளது வண்டு தின்னும்.

கூட்டுறவுத் துறையிலேயே இதற்கு முந்திய உதாரணமும் ஒன்று உண்டு. குஜராத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களில் 1990-களிலேயே பால் கொள்முதல் மேசையில் கணிப்பொறி வந்துவிட்டது. பாலின் அளவும் கொழுப்புச் சத்தும் அளக்கப்பட்டவுடன், விலை கணக்கிட்ட சீட்டு பால்காரர் கைக்கு வருகிறது. சங்கத்துக்கு நேரம் மிச்சமாயிற்று என்பது உண்மையே. ஆனால் நாம் பெரிதாக மதிப்பது அதையன்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்மணி தன் பாலின் கணக்கைத் தன் கையிலேயே கொண்டுபோய் வீட்டிலுள்ள பிள்ளையிடம் படிக்கச் சொல்ல முடிகிறதே, அதைத்தான். நூல் பெறும் நெசவாளருக்கும், துணி கொடுக்கும்போதும், மூட்டை கொண்டுவரும் விவசாயிக்கும் அந்த நொடியில் தமிழில் அச்சான சீட்டு ஒன்று கிடைக்கவேண்டும். எந்த மென்பொருளை ஏற்பது என்று ஆராயும் சங்கம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே என்பது நம் கருத்து.

1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தபோது, அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூரில்தான் விவசாயிகளின் முதற்கடன் சங்கம் பதிவாயிற்று. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அந்த மரபில் வந்த தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நாடு முழுவதும் 63,000 தொடக்கச் சங்கங்களை ஒரே பொது மென்பொருளில் இணைப்பதற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கடன் கணக்கோடு உரம், விதை முதலிய சரக்கின் கணக்கும் அதில் சேரும். திட்டம் நல்லதே. ஆயினும் உரக் கிடங்கில் யூரியா மூட்டை எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை டில்லியிலிருந்து யாரும் எழுதித் தரப்போவதில்லை.

கடனும் கிடங்கும்

கிடங்குக் கணக்கு சரியில்லையேல் கடனும் சரியாக வராது. நெசவாளர் சங்கத்துக்கு மத்தியக் கூட்டுறவு வங்கி அளிக்கும் காசுக்கடன் சரக்கின் மதிப்பை ஆதாரமாகக் கொண்டது. மாதந்தோறும் இருப்புப் பட்டியல் அனுப்புகிறோம். அதில் ஒரு பகுதியைக் கழித்து மீதிக்குத்தான் பணம் எடுக்கலாம். பட்டியலில் உள்ள துணி கிடங்கில் இல்லை என்று ஆய்வில் தெரிந்தால் வரம்பு குறையும். மறு வெள்ளிக்கிழமை கூலி நிற்கும். நாட்பட்ட சரக்கைப் பொதுவாக வங்கிகள் முழு மதிப்புக்கு ஏற்பதுமில்லை. பத்து லட்சம் ரூபாய்ச் சேலை ஓர் ஆண்டு அலமாரியில் தூங்கினால், வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சம் ரூபாய் சங்கத்தின் கையை விட்டுப் போகிறது. மடிப்பிலேயே கிடந்த பட்டு மடிப்பில் விடும். கடற்காற்றுப் பட்ட ஜரிகை கறுக்கும். இந்த நஷ்டம் எந்த ஏட்டிலும் வராது. ஆடித் தள்ளுபடியின்போது பாதி விலைக்குப் போகிற அன்றுதான் தெரியும்.

விவசாயியின் கதையும் அதுவே. 1954-ஆம் ஆண்டு கோர்வாலா குழு கிராமக் கடனையும் கிடங்கையும் சேர்த்தே யோசித்தது. அதன் விளைவாக மத்தியக் கிடங்குக் கழகம் 1957-இலும், நம் மாநிலக் கழகம் 1958-இலும் ஏற்பட்டன. அறுவடையன்று விலை இறங்கியிருக்கும்போது விற்காமல், கிடங்கில் வைத்து, ரசீதின் பேரில் கடன் வாங்கி, விலை ஏறியபின் விற்கலாம் என்பது அன்றைய எண்ணம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையத்தில் பதிவு செய்துகொண்ட கிடங்குகளில் 2017 முதல் அந்த ரசீது மின்னணு வடிவில் கிடைக்கிறது. காகித ரசீதைப்போல் ஒரே மூட்டைக்கு இரண்டு வங்கியில் கடன் வாங்க அதில் இடமில்லை. ஆனால் ரசீதின் நாணயம் கிடங்கின் நாணயமே. அட்டியில் இல்லாத நெல்லுக்கு எந்த மின்சாரமும் உயிர் கொடுக்காது.

மணலில் போட்ட கோடு

பார்கோடு எனப்படும் கறுப்பு வெள்ளைக் கோடுகளை இன்று எல்லாக் கடைச் சரக்கிலும் காண்கிறோம். அது பிறந்ததும் ஒரு கடற்கரையில்தான். 1949-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மயாமிக் கடற்கரையில் நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற இளைஞர் தந்திச் சங்கேதத்தைப்பற்றி யோசித்துக்கொண்டே மணலில் நான்கு விரல்களால் கோடு இழுத்தாராம். புள்ளியும் கோடும் நீண்டு பட்டையாயின. 1952-இல் அவரும் நண்பர் பெர்னார்ட் சில்வரும் காப்புரிமை பெற்றனர். அதைப் படிக்கத் தகுந்த கருவி வந்து, 1974-ஆம் ஆண்டில்தான் ஒரு கடையில் முதன்முதலாக ஒரு பொட்டலம் மெல்லும் பசை அம்முறையில் விற்பனையாயிற்று. கால் நூற்றாண்டு காத்திருந்த யோசனை!

நம் முன்னோருக்கு இது முற்றும் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் மலைபோல் குவிந்த பண்டத்தை அளந்து, புலி முத்திரை பொறித்து வெளியே விட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. முத்திரை இல்லாத பொதி வெளியேறலாகாது என்பது அன்றும் விதி. முத்திரை யாருடையது என்பதுதான் மாறியிருக்கிறது. 1935-இல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ், சேலையோடு அதை நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை வைத்து விற்ற ஏற்பாடும் இந்த வழியில் வந்ததே. வாங்குகிறவர் நெய்தவரை அறிகிறார். அதே அட்டையில் கியூ.ஆர். குறி ஒன்றும் இருந்துவிட்டால், அச்சேலை எந்தக் கிடங்கில் எத்தனை நாள் இருந்தது என்பதையும் சங்கம் அறியும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே சிரத்தை காட்டவேண்டுவதில்லை. நூறு இனங்கள் உள்ள கிடங்கில் இருபது இனங்களிலேயே பணத்தின் பெரும்பகுதி முடங்கியிருக்கும். சொத்து சிலரிடமே குவிந்திருப்பதைக் கண்டெழுதிய இத்தாலியப் பொருளியலார் பரேட்டோவின் பெயரால் இதை வழங்குகிறார்கள். பட்டு, ஜரிகை ஆகியவற்றை வாரந்தோறும் எண்ணவேண்டும். சாதாரணச் சேலையை மாதம் ஒருமுறை. துடைப்பத் துண்டையும் கட்டுக் கயிற்றையும் வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணினால் போதும். மார்ச் 31 அன்று கதவடைத்து, வருஷத்துப் பிழை முழுவதையும் ஒரே இரவில் தேடுகிற வழக்கம் ஒழிந்தால், எழுத்தர்களின் குடும்பங்கள் நம்மை வாழ்த்தும்.

ஏற்றுவதிலும் யோசனை வேண்டும். செங்கற்பட்டிலிருந்து புறப்படும் வண்டி திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கோவளம் என்று போவதாயின், கோவளத்துச் சரக்கை முதலில் ஏற்றவேண்டும். இது யாரும் அறியாததா என்று கேட்கலாம். கிடங்கிலிருந்து அகப்பட்ட வரிசையில் சரக்கை ஏற்றி, திருக்கழுக்குன்றத்து வீதியில் பாதி வண்டியை இறக்கிக் கோவளத்துக் கட்டுகளை மீண்டும் ஏற்றியதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிச் சென்னைக்குத் தோணி விட்டவர்கள் அந்தத் தவற்றைச் செய்திருக்கமாட்டார்கள். சுமை தலையில் இருந்தவனுக்கு அதன் விலை தெரியும்.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

மென்பொருள் விற்போர் நம் சங்கங்களுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் திரையில் வண்ணப் படங்கள் நிறைய உண்டு. நாம் கேட்கவேண்டியது வேறு. தமிழில் எழுதவும் படிக்கவும் முடியுமா? சிட்டம், கட்டு, பேல், மூட்டை, கிலோ என்ற நம் அளவுகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றத் தெரியுமா? மின்சாரமும் இணையமும் நின்ற நாளில் என்ன செய்யும்? இக்கடைசிக் கேள்வி நம் கடற்கரையில் வீண் கேள்வியன்று. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகேதான் கரையேறிற்று. அத்தகைய இரவில் கிடங்குக்குள் தண்ணீர் புகுமுன், எந்த அட்டியை முதலில் உயரத்துக்கு மாற்றுவது என்று தெரிய வேண்டும். அப்பொழுது திரை இருண்டிருக்கும். ஆகவே நாள் முடிவில் இருப்புப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டுக் கிடங்குக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கும் பழக்கத்தை, எத்தனை நவீனமான முறை வந்தாலும், கைவிடலாகாது. கணக்கின் பிரதி ஒன்று கடலுக்குத் தொலைவில் வேறோர் ஊரில் இருப்பதும் அவசியம்.

மற்றொன்று. எழுதியதை அழிக்கும் வசதி யாருக்கும் இருத்தலாகாது. பிழையைத் திருத்தினால் பழைய பதிவும், திருத்தியவர் பெயரும், நேரமும் கூடவே நிற்கவேண்டும். விற்ற கம்பெனி நாளை மூடிவிட்டால் கணக்கு நம்முடையதா, அவர்களுடையதா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். நம் சரக்கின் விவரத்தை நமக்கே விற்கிற நிலை வரலாகாது.

சுமைப்பணித் தொழிலாளரும் எழுத்தரும் இதைச் சந்தேகத்தோடு நோக்குவர், நோக்குவது நியாயமே. ஒழுங்கான கிடங்கில் ஒரே மூட்டையை மூன்று முறை தூக்க நேராது. தூக்குக்கூலி வாங்குகிறவருக்கு அது வருமானக் குறைவு. இதைப் பேசாமல் மறைத்துத் திட்டத்தைத் தொடங்கிய இடங்களில், வழியில் சரக்கை வைக்காதே என்று எழுதிய பலகையின் கீழேயே சரக்கு குவிந்திருக்கும். மிச்சமாகும் பணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டென்று முன்பே தீர்மானித்துச் சொல்லிவிடுவதே கூட்டுறவுக்கு அழகு. அட்டியை எங்கே போட்டால் காற்றோட்டம் இருக்கும், எந்த மூலையில் மழை ஒழுகும் என்பதை அவர்களைக் காட்டிலும் அறிந்தவர் ஒருவருமில்லை. கோடு கிழிக்கும் நாளில் முதலில் அவர்களைக் கேட்கவேண்டும்.

மேலே நாம் சொன்ன அந்த நெசவாளர் சங்கத்துக்குச் சென்ற ஆடியில் மறுபடியும் போயிருந்தோம். பழைய சரக்குக் காப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு பெறுவதற்கு முன் மூன்று மாத காலம், நாள்தோறும் மாலையில், தன் நினைவில் இருந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல ஒரு பெண் எழுத்தர் ஏட்டில் எழுதிக்கொண்டாராம். அவ்வேடுதான் இப்போது அவர்களுடைய சரக்குப் பட்டியல். ஓர் இனத்துக்கு ஓர் எண் என்று அதில் ஒழுங்காக இருக்கிறது. தரையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. சிவப்புச் சாய நூல் கேட்டு வந்த நெசவாளருக்கு, "இ வரிசை, நாலாவது அலமாரி, அண்ணா" என்று அப்பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல, சிறுவன் ஒருவன் ஓடிப்போய் எடுத்து வந்தான். அட்டையில் எழுதிய பிறகே கட்டு அவர் கைக்கு வந்தது. கணிப்பொறி இன்னும் வாங்கவில்லை. அதற்கான தீர்மானம் அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு வருகிறது.